பாட்டை எழுதி வைப்பவர்கள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் இயற்பியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்து, "இத்தனை வருஷம் அரபு நாட்டுல இருந்திருக்கீங்க. பசங்களுக்கு அங்கே இருக்கிற வேலைவாய்ப்பைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க" என்றார். வேலைவாய்ப்பைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முதல் வரிசையிலேயே இருக்கிறார்கள். வருமானம் அதிகம் வராத ஒரு வேலையைப் பற்றிப் பேசுகிறேன், பரவாயில்லையா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு "சரி, சுருக்கமா பேசுங்க" என்றார். முயற்சி செய்கிறேன்.

1986-ல் நான் வளைகுடாவுக்குப் போனேன். ஒலிப்பதிவுச் சாதனங்களைப் பராமரிக்கும் வேலை. போன முதல் மாதமே ஓர் அறை நிறைய பழைய ஒலிநாடா ரீல்களைக் காட்டி, "இதையெல்லாம் அழிச்சிடு, மறுபடி பதிவு பண்ணத் தேவைப்படுது" என்றார்கள். ரீலை அழிக்க ஒரு பெட்டி உண்டு. உள்ளே மாறுமின்னோட்டத்தில் வேலை செய்யும் காந்தம். ரீலை அதன் மேல் வைத்துச் சுழற்றி மெதுவாக விலக்கினால் போதும், பதிவானது அத்தனையும் போய்விடும். ஏன் போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில்தான் ஹிஸ்டெரிசிஸ் வளைவு வரைந்தேன், இருபதுக்குப் பதினெட்டு மார்க் வாங்கினேன். அந்தப் படிப்பை முதன்முதலாகச் சம்பளத்துக்குப் பயன்படுத்தியது அழிப்பதற்குத்தான். மூன்று நாளில் நூற்றுக்கு மேல் ரீல்கள். வேலையைச் சீக்கிரம் முடித்ததற்குப் பாராட்டும் கிடைத்தது.

காலியான அட்டைப் பெட்டி ஒன்றை அறைக்கு எடுத்துப் போய்த் திருகாணி போட்டு வைத்திருந்தேன். அதன் மேல் பேனாவால் ஏதோ அரபியில் எழுதியிருந்தது. எனக்கு அப்போது அலிஃப், பே கூடத் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து, கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய சமயத்தில், ஒரு ராத்திரி அந்தப் பெட்டியை எடுத்துப் படித்தேன். முதல் வார்த்தை 'நஹ்ஹாம்'. அதன் கீழே ஓர் ஆளின் பெயர், அவர் தகப்பனார் பெயர், ஊர், தேதி.

நஹ்ஹாம் என்றால் முத்துக்குளிக்கும் கப்பலில் பாடுகிறவர். துடுப்புப் போடும்போதும் பாய் ஏற்றும்போதும் அவர் முன்னால் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் அடிக்குரலில் பின்பாட்டுப் பாடுவார்கள். ஜப்பானின் வளர்ப்பு முத்துகள் வந்ததும் 1930-களில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்த காலத்தில் அந்தத் தொழிலைக் கண்ணால் கண்டவர்கள் எல்லாம் கிழவர்கள். அப்படி ஒருவரை யாரோ உட்கார வைத்து, பாடச் சொல்லிப் பதிவு செய்து, பெயர், ஊர் எல்லாம் பொறுப்பாக எழுதி வைத்திருக்கிறார். நான் அதைக் காந்தத்தின் மேல் வைத்துச் சுழற்றிவிட்டேன். பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. திருகாணிகளைத்தான் வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் அரபி ஒழுங்காகப் படித்தேன், பழைய நாடாக்களையும் இசைத்தட்டுகளையும் மாற்றிப் பதிவு செய்யும் தொழிலுக்கு வந்தேன், கெய்ரோவுக்குப் போனேன் என்று மூன்று வரியில் இருபது வருஷத்தைத் தாண்டிவிடுகிறேன். சில வருஷங்களாக அங்கே ஆண்டுக்கு இரண்டு தடவை ஒரு சின்னப் பயிற்சி நடக்கிறது. இசையைப் பற்றி எழுதவும் ஆராயவும் விரும்பும் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் வருவார்கள். மொராக்கோவிலிருந்து வருவார்கள், ஈராக்கிலிருந்து வருவார்கள், விசா கிடைக்காதவர்கள் கணினித் திரையில் வருவார்கள். சொல்லித்தருகிறவர்களில் நானும் ஒருவன். என்னை 'உஸ்தாத்' என்பார்கள். நம்ம ஊர் 'சார்' மாதிரிதான், தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

அரபு மொழியில் இசையைப் பற்றி எழுதும் வழக்கமே இல்லையோ என்று சிலர் நினைக்கலாம். அடேயப்பா! ஒன்பதாம் நூற்றாண்டில் அல் கிந்தி எழுதியிருக்கிறார். பத்தாம் நூற்றாண்டில் அல் ஃபாராபி, பெயரே 'பெரிய இசை நூல்' என்று வைத்து ஒன்று எழுதினார். அதே நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானி தொகுத்த 'கிதாபுல் அகானி', அதாவது 'பாட்டுகளின் புத்தகம்', அச்சில் இருபது பாகத்துக்கு மேல் போகிறது. பாட்டு, பாடியவர், அவர் யாரிடம் கற்றார், எந்தச் சபையில் பாடினார், என்ன வம்பு நடந்தது, எல்லாம் அதில் உண்டு. ஊத் என்னும் நரம்பு வாத்தியத்தில் எந்த விரல் வைத்து வாசிக்கும் சுரவகை, எந்தத் தாளம் என்பதுகூடக் குறித்திருக்கிறார். மெட்டு மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை. நடுவிரல் என்று எழுதியிருக்கும், அந்த விரல் எழுப்பிய ஒலி போய்விட்டது.

எங்கள் பயிற்சியின் முதல் நாள் அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத்தான் படிக்கிறோம். ஒவ்வொரு செய்தியும் "இன்னார் எனக்குச் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார், அவர் இன்னாரிடம் கேட்டார்" என்றுதான் தொடங்கும். இஸ்னாத் என்பார்கள். நம்ம செட்டில் ஹாஸ்டலில் என் அறை நண்பராக இருந்தவருக்குச் சட்டென்று புரியும், ஹதீஸ் நூல்களில் வரும் அறிவிப்பாளர் தொடர்தான் அது. இன்றைக்கு இருபத்தைந்து வயசுப் பிள்ளை செல்போனில் தட்டி, "இது பழமையான நாட்டுப்பாடல்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறது. யார் சொன்னது? அவருக்கு யார் சொன்னது? இந்த இரண்டு கேள்வியை ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறார்கள், நீ ஏன் கேட்கவில்லை என்போம்.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எழுத்து நிற்கவில்லை, ஆனால் பெரிய ஆராய்ச்சிகள் பலவும் வேறு மொழிகளுக்குப் போய்விட்டன. 1932-ல் எகிப்து மன்னர் முதலாம் ஃபுவாத் ஆதரவில் கெய்ரோவில் அரபு இசை மாநாடு ஒன்று நடந்தது. ஹங்கேரியின் பேலா பார்டோக், ஜெர்மனியின் ஹிண்டமித், குர்ட் ஸாக்ஸ், ஹார்ன்பாஸ்டல், லாக்மன் என்று பெரிய தலைகள் வந்தார்கள். மாநாட்டுக்கு முன்னின்று உழைத்த பிரபு தெர்லாங்கேர் உடல்நலம் கெட்டு வர முடியாமல், அதே வருஷம் துனிசியாவில் காலமானார். அரபு இசைக்குப் பியானோ ஆகுமா, ஆகாதா என்று சண்டை. எண்சுர இடைவெளியை இருபத்து நான்கு சமபாகமாக வெட்டலாமா என்று இன்னொரு சண்டை. எகிப்திலும் சிரியாவிலும் இளைஞர்கள் பலர் "எங்களுக்கு முன்னேற்றம் வேணும்" என்றார்கள். ஐரோப்பியர்கள் பலர் "உங்க பழசைக் காப்பாத்துங்க" என்றார்கள். யார் சொன்னது சரி என்று பயிற்சியில் ஒவ்வொரு வருஷமும் விவாதம் வைப்போம். இதுவரை தீரவில்லை.

அந்த மாநாட்டில் உருப்படியாக நடந்த காரியம் பதிவுதான் என்பது என் கட்சி. லாக்மன் தலைமையில் ஒரு குழு, மொராக்கோ முதல் ஈராக் வரை வந்திருந்த கலைஞர்களைப் பாடவைத்து, வாசிக்கவைத்து இசைத்தட்டில் ஏற்றியது. அவை 18 குறுந்தகடுகளாக ஒன்றாக வெளிவந்தது 2015-ல். எண்பத்து மூன்று வருஷம்! அந்தக் கலைஞர்களின் பேரப்பிள்ளைகள் கிழவர்களாகிவிட்டார்கள்.

பயிற்சியில் என் பங்கு காது சம்பந்தப்பட்டது. மூன்று நிமிட இசைத்தட்டு ஒன்றைப் போட்டு, கேட்டதைப் பத்து வரியில் எழுதச் சொல்வேன். ஒரே நிபந்தனை, அழகான, உருக்கமான, அசலான போன்ற வார்த்தைகள் கூடாது. 'தரப்' என்ற வார்த்தையும் கூடாது. தரப் என்றால் நல்ல பாட்டைக் கேட்டுத் தன்னை மறக்கும் நிலை. உம்மு குல்தூம் பாடும்போது ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சபை கூச்சலிடுமே, அது. 2003-ல் வெளிவந்த ஒரு முழுப் புத்தகத்தையே அலி ஜிஹாத் ராசி இந்தத் தரப்பைப் பற்றி எழுதினார். அவர் லெபனானில் பிறந்தவர், புத்தகம் இங்கிலீஷில். அப்பேர்ப்பட்ட வார்த்தையை நம் பிள்ளைகள் உப்பு மாதிரி எல்லா வரியிலும் தூவுகிறார்கள். அதை எடுத்துவிட்டால் பேனா நின்றுவிடும். அரை மணி நேரம் கூரையைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் கேட்கவே ஆரம்பிப்பார்கள்.

கேட்டால் என்ன கிடைக்கும்? பழைய தட்டுகளில் பாட்டு ஆரம்பிக்கும் முன் ஒரு குரல் கம்பெனியின் பெயரையும் பாடகர் பெயரையும் அறிவிக்கும். 'பைதாஃபோன்', இன்னார், என்று. பெய்ரூத்தைச் சேர்ந்த பைதா குடும்பத்தின் கம்பெனி அது. லேபிள் கிழிந்துபோன தட்டுக்கு அந்த அறிவிப்புதான் பிறப்புச் சான்றிதழ். லேபிளுக்கு அருகே அரக்கிலேயே பதிந்திருக்கும் எண் ஒன்று உண்டு, வருஷத்தைத் தேட அது உதவும்.

அப்புறம் வேகம். இதை இயற்பியல் தம்பிகள் கவனிக்க வேண்டும். எழுபத்தெட்டு சுற்றுத் தட்டு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அந்தக் காலத்தில் எல்லாம் எழுபத்தெட்டில் பதிவானதில்லை. நிமிடத்துக்கு 72 சுற்றில் பதிவானதை 78-ல் ஓட்டினால், மூன்று நிமிடப் பாட்டு பதினான்கு விநாடி முன்னதாகவே முடியும், சுருதி ஓர் அரைச்சுரத்துக்கு மேலேயே ஏறிவிடும். "இந்தப் பாடகரின் குரல் வியக்கத்தக்க உச்சத்தில் சஞ்சரித்தது" என்று ஒரு தம்பி கவிதையாக எழுதிக்கொண்டு வந்தார். வேகத்தைச் சரிசெய்து போட்டேன். சாதாரண ஆம்பிளைக் குரல்!

என் காதும் பெரிய காதில்லை. கெய்ரோவில் முதன்முதல் 'ஹிஜாஸ் கார்' மகாமைக் கேட்டபோது துள்ளிக் குதித்து, "இது எங்க மாயாமாளவகௌளை!" என்றேன். ஊத் வாசித்த பெரியவர் சிரித்துவிட்டு, "சுரம் ஒண்ணா இருக்கலாம் மகனே, நடக்கிற வழி வேற" என்று ஒரு மணி நேரம் நடந்து காட்டினார். அடுத்து 'ராஸ்த்' வாசித்தார். அதன் காந்தாரம் நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும், துருக்கியில் போனால் இன்னும் கொஞ்சம் மேலே நகரும். அதற்குப் பிறகு ஒப்பிடும் ஆசையைக் குறைத்துக்கொண்டேன்.

மொழிப் பிரச்சினை ஒன்று இருக்கிறது, நமக்கு நன்றாகப் புரியும். அரபியில் எழுதுவது ஃபுஸ்ஹா என்னும் இலக்கிய மொழி. பாடுவது பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பேச்சு. எகிப்தின் தெருக்களில் பிறந்த 'மஹ்ரகானாத்' பாட்டைச் செவ்வியல் இலக்கணத்தில் விமர்சிப்பது, குத்துப்பாட்டைத் தொல்காப்பிய உரைநடையில் அலசுகிற மாதிரி. 2020 பிப்ரவரியில் எகிப்தின் இசைக் கலைஞர் சங்கம் அந்தப் பாடகர்களுக்குத் தடைபோட்டது. அதைப் பற்றி எழுதிய ஒரு பெண் தடையைப் பற்றி ஃபுஸ்ஹாவிலும், பாட்டைப் பற்றிப் பேச்சுமொழியிலுமாக எழுதினாள். ஒரு பத்திரிகை, பேச்சுமொழிப் பகுதியை எல்லாம் 'திருத்தி' வெளியிட்டது. அவள் என்னிடம் வந்து அழவில்லை, திட்டினாள். நியாயமான திட்டு. வந்த பணம் வீட்டுக்குப் போகிற டாக்ஸிக்குச் சரியாக இருந்தது என்றாள்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்குத் தெரிகிறது.

1932 மாநாட்டுக்கு ஈராக்கிலிருந்து முஹம்மது அல் குப்பாஞ்சி என்ற பெரும் பாடகர் வந்தார். அவரோடு வாசித்த கலைஞர்கள் பாக்தாத் யூதர்கள். 1950, 51-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஈராக் யூதர்கள் நாட்டைவிட்டு இஸ்ரேலுக்குப் போனார்கள். சாலிஹ், தாவூத் அல் குவைத்தி என்ற சகோதரர்களும் போனார்கள். பாக்தாத்தின் புகழ்பெற்ற பாட்டுகள் பலவற்றுக்கு மெட்டமைத்தவர் சாலிஹ். பாட்டுகள் ஈராக் வானொலியில் தொடர்ந்தன, அவர்கள் பெயர்தான் நின்றது. 'நாட்டுப்பாடல்' என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கதையை நான் ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்வேன். சொல்லிவிட்டு என் அட்டைப் பெட்டியை மேசைமேல் வைப்பேன். "பெயரை எழுது. எந்த நிலையிலும் பெயரை எழுது." இதுதான் என் பாடம். பல வருஷம் இதைத்தான் ஓதினேன்.

2023-ல் சூடானில் போர் தொடங்கியது, ஏப்ரல் 15. ஓம்துர்மானில் இருந்த தேசிய வானொலி நிலையம் அடுத்த மார்ச் வரை துணைப்படையின் கையில் இருந்தது. உள்ளே இருந்த ஒலிநாடாக்கள் என்ன ஆயினவோ என்று எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்குத் தூக்கம் இல்லை. அந்த வருஷக் கடைசியில் எங்கள் பயிற்சிக்கு ஓம்துர்மானிலிருந்து தப்பி வந்த ஒரு பெண் சேர்ந்தாள். இருபத்தாறு வயசு. போருக்கு முன்னால் அவள் தன் தெருவிலிருந்த ஒரு வயதான பாடகியைச் செல்போனில் பதிவு செய்திருந்தாள். 'அகானி அல் பனாத்', பெண்பிள்ளைகளின் பாட்டு என்பார்கள். கல்யாண வீடுகளில் பெண்கள் கூடி, 'தலூக்கா' என்ற மண் மேளத்தைத் தட்டிக்கொண்டு பாடுவது. கேலி, ஏக்கம், மாப்பிள்ளை வீட்டாரைக் குத்துவது எல்லாம் உண்டு. பாடுகிறவளைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள், ஆனால் மரியாதைக் குறைவான தொழில் என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒரே வாயால்.

பதினொரு பாட்டு. நான் கேட்டேன். சுத்தம் செய்ய வேண்டிய அவசியமே இல்லாத குரல். "இதை உடனே வெளியிடணும். ஊரே இடிஞ்சு கிடக்கு, இந்த அம்மா உயிரோட இருக்காங்களோ என்னவோ. பாடியவர் பெயர், தெரு, தேதி, எல்லாத்தையும் போடு. பாட்டுக்கு நேரே 'மரபுப் பாடல்'னு போட்டுடு" என்றேன்.

அவள் "முடியாது உஸ்தாத்" என்றாள். "என் பேரு வெளியே வரக்கூடாதுன்னு ஹாஜ்ஜா சொல்லித்தான் பாடினாங்க. பேரன்மாருக்குப் பொண்ணு பார்க்கிறாங்களாம். நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது. வயசாகிவிட்டால் கோபம் சீக்கிரம் வரும். பாக்தாத் கதையை மறுபடி சொன்னேன், பெட்டியைக் காட்டினேன். இன்னொரு பெயர் அழியப்போகிறது, அழிப்பது நீ என்றும் சொல்லிவிட்டேன். வீட்டை விட்டு ஒரு கைப்பையோடு வந்த பெண்ணிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அவள் பதில் பேசவில்லை. கைப்பேசியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தப் பயிற்சிக்கு அவள் எழுதிக் கொடுத்தது வேறு எதையோ பற்றிய கட்டுரை. சுமாராக இருந்தது. வேண்டுமென்றே சுமாராக எழுதினாள் என்று இன்றும் நினைக்கிறேன்.

எட்டு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். ஹாஜ்ஜா உயிரோடு இருக்கிறார், மகளோடு கெய்ரோ வந்து சேர்ந்துவிட்டார், என்னையும் வரச் சொல்கிறார் என்றாள். சூடான் மக்கள் நிறையப் பேர் குடியேறியிருக்கும் ஃபைசல் பகுதியில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஹாஜ்ஜா தேநீர் கொடுத்தார். பதினொரு பாட்டையும் போட்டுக் கேட்டோம்.

முதல் பாட்டிலேயே நிறுத்தச் சொன்னார். "இது பழைய பாட்டுன்னு யார் சொன்னது?" என்றார். நாங்கள் விழித்தோம். "இது நான் கட்டினது. என் தங்கச்சி கல்யாணத்துக்கு." அப்படியே ஆறாவது பாட்டும் அவர் கட்டியதே. எட்டாவது பாட்டு யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பெண்ணுடையது, அவர் யாரிடம் கற்றார் என்பதையும் சொன்னார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தப் புத்தகத்தின் பக்கம் மாதிரியே இருந்தது. இன்னார் எனக்குச் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார்.

நான் சொன்னபடி அன்றைக்கே வெளியிட்டிருந்தால், ஒரு பெண் கட்டிய பாட்டுக்கு 'மரபுப் பாடல்' என்று என் கையால் முத்திரை குத்தியிருப்பேன். வானொலிக்காரர்கள் சாலிஹுக்குச் செய்ததும் அதுதான். நான் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று கத்திக்கொண்டே செய்திருப்பேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். ஹாஜ்ஜாவுக்கு முன்னாலேயே கேட்டேன். அவள் "சர்க்கரை போதுமா உஸ்தாத்?" என்றாள்.

ஹாஜ்ஜா மூன்று பாட்டுகளை வெளியிடச் சம்மதித்தார். தாம் கட்டிய இரண்டில் ஒன்றுக்குத் தம் பெயரைப் போடலாம் என்றார், மற்றதற்கு வேண்டாம் என்றார். காரணம் கேட்டோம், சொல்லவில்லை. பாக்கி எட்டும் எழுதி மூடிய உறையோடு ஒரு பாதுகாப்பில் இருக்கின்றன. யார் கேட்கலாம், எப்போது கேட்கலாம் என்று அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதி, ஹாஜ்ஜா கைரேகை வைத்திருக்கிறார். அந்தத் தாளின் மாதிரியைத்தான் இப்போது எங்கள் பயிற்சியில் எல்லோருக்கும் கொடுக்கிறோம். அந்தப் பாடத்தை நான் எடுப்பதில்லை, அவள் எடுக்கிறாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், இங்கே உட்கார்ந்த அதே மாதிரி. அட்டைப் பெட்டியை மட்டும் இன்னும் அவள் மேசைமேல் வைக்கிறாள், எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்.

வெளியிட அனுமதி உள்ள அந்த மூன்று பாட்டும், சரியான வேகத்துக்குக் கொண்டுவந்த சில பழைய தட்டுகளும் என் பையில் இருக்கின்றன. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, முதல்வர் அனுமதியோடு, இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் போடப்போகிறேன். பாயசம் குடித்துவிட்டுத் தூங்க நினைக்கும் நண்பர்களும் வரலாம், நாற்காலி இருக்கிறது.